வே-க்குப் பக்கத்தில் ஒரு புள்ளி

நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு வெள்ளாடு அரசாங்க நோட்டீஸைத் தின்றுகொண்டிருந்தது.

ஓடைக்கரைப்பட்டி வேதக்கோயிலின் மரக்கதவு. அதில் மைதாப் பசை தடவி ஒட்டிய காகிதம். பசை இன்னும் முழுதாகக் காயவில்லை. ஆடு முன்னங்கால் இரண்டையும் படியில் ஊன்றிக்கொண்டு, கீழ் மூலையைக் கிழித்து நிதானமாக மென்றது. கையெழுத்தும் முத்திரையும் இருந்த மூலை அது. அங்கே ஆராதனை நடத்தும் உபதேசியார் கோயில்பிள்ளை பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

விரட்டக் கூடாதா என்று கேட்டேன்.

"அரசாங்கக் காயிதத்துல நான் கை வைக்கக் கூடாதுல்லாம்மா. ஆட்டுக்கு அதெல்லாம் தெரியாது" என்றார்.

நான்தான் ஆட்டை விரட்டினேன். மிச்சம் இருந்ததைப் படித்தேன். இன்ன கிராமம், இன்ன சர்வே எண், அருள்மிகு வேணுகோபால சுவாமி திருக்கோயில். மேற்படி கோயிலுக்கு அறங்காவலர் எவரும் இருப்பதாகத் தெரியவராததால், நிர்வாகத்தை ஏற்கத் தக்கார் ஒருவரை நியமிக்க உத்தேசிக்கப்பட்டுள்ளது. ஆட்சேபம் இருந்தால் இத்தனை நாளுக்குள் தெரிவிக்கவும். எத்தனை நாள் என்பது ஆட்டின் வயிற்றில் இருந்தது.

தக்கார் என்றால், பொறுப்பாளர் இல்லாத இந்துக் கோயிலுக்கு அரசாங்கம் நியமிக்கும் நிர்வாகி. சாவி அவர் கைக்குப் போகும், கணக்கும் வழக்கும் அவர் பார்ப்பார். நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் எங்கள் எதிரே நின்றது வேதக்கோயில், அதாவது கிறிஸ்தவர்களின் ஆலயம். உள்ளே ஒரு சிலுவை, ஒரு ஹார்மோனியம், சுவரில் வசனம், தரையில் நாலு ஜமுக்காளம். வேணுகோபாலனுக்கு அந்த ஊரிலேயே கோயில் கிடையாது.

"வேணுகோபாலசாமி எங்கன இருந்தும்மா வந்தாரு?" என்று உபதேசியார் கேட்டார்.

அவர் எங்கிருந்து வந்தார் என்பது அந்த ஊரில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அவர் என் பேனாவிலிருந்து வந்தவர்.

இந்தத் தொடரைப் படிக்கிற சங்கரன்கோவில் வாசகர் ஒருவர் போன வாரம் ஒரு கடிதம் போட்டிருந்தார். "எல்லாத் தப்பையும் மற்றவர்கள் செய்ததாகவே எழுதுகிறீர்களே அம்மா, இத்தனை வருஷ வேலையில் நீங்கள் ஒரு தப்புகூடச் செய்யவில்லையா?" என்று. நியாயமான கேள்வி. இந்த வாரம் அவருக்காக.

வெறுமனே கோயில் என்றால்

எங்கள் பக்கத்தில் கோயில் என்ற சொல்மேல் யாருக்கும் தனிப் பட்டா கிடையாது. கிறிஸ்தவர்கள் கோயிலுக்குப் போறேன் என்றுதான் சொல்வார்கள். சர்ச் என்பதெல்லாம் டவுன்காரர்கள் பேச்சு. வேண்டிப் பெற்ற பிள்ளைக்குக் கோயில்பிள்ளை என்று பெயர் வைப்பார்கள். மதுரைக்கு வடக்கே போய் இந்தப் பெயரைச் சொன்னால் நெற்றியில் திருநீறு எங்கே என்று கேட்பார்கள். வெளியாட்கள் குழம்பக் கூடாது என்பதற்காக மற்றவர்கள் வேதக்கோயில் என்பார்கள். வேதம் என்றால் இங்கே பைபிள்.

ஓடைக்கரைப்பட்டி புதூர்ப் பக்கம். மானாவாரிப் பூமி. மழை பெய்தால் உளுந்து, மிளகாய், பருத்தி. பெய்யாவிட்டால் ஆடு, அல்லது வெளியூர் பஸ். அந்த ஊரில் காளியம்மனுக்கு நல்ல கோயில் உண்டு. ஆனால் அதை யாரும் கோயில் என்று சொல்வதில்லை. அம்மன்கிட்டப் போயிட்டு வாரேன் என்பார்கள். பிள்ளையார் வெறும் பிள்ளையார்தான். வெறுமனே கோயில் என்றால், இந்துவுக்கும் சரி, கிறிஸ்தவருக்கும் சரி, அந்த ஓட்டுக் கட்டடம் ஒன்றைத்தான் குறிக்கும்.

அதற்குக் காரணம் மணி. பகல் பன்னிரண்டுக்கு உபதேசியார் மணி அடிப்பார். மிளகாய்ப் பழம் பொறுக்குகிறவர்கள் அதைக் கேட்டுத்தான் இடுப்பை நிமிர்த்துவார்கள். கரிசல் காட்டில் மறைப்பு எதுவும் கிடையாதல்லவா, சத்தம் ஓடை தாண்டியும் கேட்கும். கோயில் மணி அடிச்சாச்சு, கஞ்சியக் குடிப்போம் என்று தூக்குவாளியைத் திறப்பார்கள். யார் சாமியின் மணி என்று எந்த வயிறும் கேட்டதில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை அசனம் நடக்கும். ஊர் மொத்தமும் கோயில் பந்தலில் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து அது. ஆட்டுக்கறிக் குழம்பின் மணம் மெயின் ரோட்டுக்கே வந்து ஆளைக் கூப்பிடும். அசனத்துக்கு விறகு மட்டும் எப்போதும் ரெங்கசாமி அண்ணாச்சி புஞ்சையிலிருந்துதான் வரும். அவர் அந்த ஊரின் பெரிய சம்சாரி, அதாவது விவசாயி. வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம், அசல் பெருமாள் பக்தர். அவருடைய தாத்தா காலத்தில் ஆரம்பித்த வழக்கம் அந்த விறகு.

அதைவிடப் பெரிய விஷயம், அந்த இடமே அவருடைய தாத்தா கொடுத்ததுதான். ஊரில் எல்லாருக்கும் தெரியும். பத்திரம் கிடையாது. சும்மாதான கிடக்கு, கட்டிக்கோங்க என்று வாயால் சொன்னார், கட்டிக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் அதுவே போதுமானதாக இருந்தது.

கர்ணத்தின் சிக்கனம்

நான் எட்டயபுரத்துக்காரி. அப்பா கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் வேலை பார்த்தார். எங்கள் வீட்டிலும் தெலுங்குதான். சாமி மாடத்தில் குழல் ஊதும் வேணுகோபாலன் படம் ஒன்று உண்டு. கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்து, அது சரியாக அவர் குழலோடு குழலாகக் கிடக்கும். சின்ன வயதில் சாமிக்கு இரண்டு குழல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் எழுந்ததும் அவர் முகத்தில்தான் விழிப்போம். நான் செய்த தப்புக்கு வேர் அந்த மாடத்தில் இருக்கிறது.

கிராம நிர்வாக அலுவலராகச் சேர்ந்து சில வருஷங்கள் ஆனபோது ஓடைக்கரைப்பட்டி கூடுதல் பொறுப்பாக என் தலையில் விழுந்தது. நில விவரங்கள் எல்லாம் இருக்கும் 'அ' பதிவேட்டைக் கணினியில் ஏற்றுகிற சமயம். பழைய பதிவேடு அப்பளம் மாதிரி நொறுங்கும் நிலையில் இருந்தது. சுத்தமாக நகலெடுத்துத் தரச் சொன்னார்கள். ஜமாபந்தி, அதாவது வருஷக் கணக்குத் தணிக்கை, கழுத்துக்கு வந்துவிட்டது. அந்தக் கிராமத்தை நான் அதுவரை இரண்டே தடவைதான் பார்த்திருந்தேன்.

பழைய பதிவேட்டை எழுதிய கர்ணம், அதாவது அந்தக் காலத்து ஊர்க் கணக்குப்பிள்ளை, மையைச் செலவழிக்க மனசில்லாத மனிதர். எல்லாமே சுருக்கம். பி. என்றால் பிள்ளையார். சு. என்றால் சுடுகாடு. கி. என்று போட்ட ஓரிடத்தில் கிணறும் இருந்தது, சரக்கு வைக்கும் கிட்டங்கியும் இருந்தது. அவருக்கு எல்லாம் தெரியும், தனக்குப் பிறகும் தானே வந்து படிக்கப்போவதாக நினைத்திருப்பார். ஊர் நத்தத்தில் ஒரு சர்வே எண்ணுக்கு எதிரே, குறிப்பு எழுதும் கட்டத்தில், இப்படிப் போட்டிருந்தார்: வே.கோ.

தலையாரியைக் கூப்பிட்டு இந்த நம்பரில் கோயிலா இருக்கிறது என்று கேட்டேன். "கோயில்தாம்மா" என்றார். அவர் பொய் சொல்லவில்லை.

கோ. என்றால் கோயில். அப்படியானால் வே.? தெலுங்குக் குடும்பங்கள் உள்ள ஊர். எனக்கு வேறு எதுவுமே தோன்றவில்லை. முத்து முத்தான எழுத்தில் வேணுகோபால சுவாமி கோயில் என்று முழுசாக எழுதினேன். எழுதும்போது ஒரு சந்தோஷம்கூட இருந்தது, நம்ம சாமி இந்தக் காட்டுக்குள்ளும் இருக்கிறாரே என்று. எந்தக் கோயில் என்று இன்னொரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வேதக்கோயில் என்ற சொல்லைப் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவள், அதைச் சுருக்கி எழுதினால் இப்படித்தான் இருக்கும் என்று யோசிக்கவில்லை. நமக்குப் பிடித்ததைத்தான் கண் படிக்கும் போலிருக்கிறது.

தாலுகா ஆபீசில் ஒப்பந்த வேலை பார்த்த ஒரு பெண் அதை அப்படியே தட்டச்சு செய்தாள். நான் மாற்றலாகிப் போனேன். வேணுகோபாலன் கணினிக்குள் பல வருஷம் சத்தமில்லாமல் குடியிருந்தார்.

பிறகு, கோயில்களைக் கவனிக்கிற அரசுத் துறையினர், அறங்காவலர் இல்லாத கோயில்களை நிலப் பதிவுகளிலிருந்து பட்டியல் எடுத்தார்கள். பதிவில் இருந்ததை நம்பினார்கள், அவர்கள் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அந்தச் சமயம் பார்த்து நான் கடைசிப் பணியிடமாக மறுபடியும் ஓடைக்கரைப்பட்டிக்கே வந்திருந்தேன். ஓய்வு பெற ஒரு வருஷம்கூட இல்லை.

பூட்டு என் கையில்

நோட்டீஸ் ஒட்டிய நாலைந்து நாளில் வெளியூரிலிருந்து சிலர் காரில் வந்தார்கள். கையில் பதிவேட்டு நகல். அரசாங்கமே எழுதி வைத்திருக்கிறது, இங்கே இருந்தது பெருமாள் கோயில், அதை எடுத்துவிட்டுத்தான் இதைக் கட்டியிருக்கிறார்கள் என்று சொன்னார்கள். ஊர்க்காரர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் சிரிக்கவில்லை. கவர்மெண்ட் காகிதத்தில் அச்சடித்து வந்துவிட்டால், நேற்றுவரை கண்ணால் பார்த்ததுகூடச் சந்தேகமாகிவிடும்.

இடத்தை மீட்டு வேணுகோபால சுவாமிக்குக் கோயில் கட்ட வேண்டும் என்று ஒரு மனு தயாரானது. என்னிடம் அறிக்கைக்கு வந்தபோதுதான் பார்த்தேன். முதல் கையெழுத்து ரெங்கசாமி அண்ணாச்சியுடையது.

தாத்தா கொடுத்த வாய்ச்சொல்லுக்குச் சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர். அவரே எதிர்ப்பக்கம் கையெழுத்துப் போட்டுவிட்டால் கோயில்பிள்ளைக்கு என்ன இருக்கிறது? பத்திரம் இல்லை. பதிவேடு அவருக்கு எதிராகப் பேசுகிறது.

சச்சரவு வந்துவிடக் கூடாது, விசாரணை முடியும்வரை கட்டடத்தைப் பூட்டி வையுங்கள் என்று மேலேயிருந்து வாய்மொழி உத்தரவு வந்தது. பூட்ட வேண்டியது கிராம நிர்வாக அலுவலர். என் தப்பு, என் பூட்டு, என் கைப்பையில் சாவி. பூட்டும்போது உபதேசியார், உள்ளே இருந்த பைபிளை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அரசாங்கத்தைக் கேட்டுப் பைபிள் எடுக்க வேண்டிய நிலைமையை அந்த மனிதருக்கு நான்தான் உண்டாக்கினேன்.

மறுநாள் பன்னிரண்டுக்கு மணி அடிக்கவில்லை. மணிக்கயிறு உள்ளே மாட்டிக்கொண்டது. மிளகாய்க் காட்டில் பெண்கள் ஒன்றரை மணிவரை குனிந்தே கிடந்தார்கள் என்று பிறகு சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை வேப்பமரத்தடியில் நடந்தது. பாட்டுக்கு நடுவில் ஆடுகள் குறுக்கே போயின. என் கைப்பையில் சாவி சாப்பாட்டு டப்பாவில் இடித்துச் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது.

எங்கள் ஆபீசில் மதச் சண்டை என்ற பேச்சே கிடையாது. ஆயுத பூஜைக்கு ஜீப்புக்குச் சந்தனம் வைப்போம், டிரைவர் கிறிஸ்தவர்தான், அவரே வாழைக்கன்று கட்டுவார். கிறிஸ்துமஸுக்குக் கேக், ரம்ஜானுக்குப் பிரியாணி. இதைத்தான் மதச்சார்பின்மை என்று பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். பூட்டைப் போட்ட அன்றைக்குத்தான் உறைத்தது. கேக் சாப்பிடுவது சிநேகம். கோயில் சாவி யார் கையில் இருக்க வேண்டும் என்பது உரிமை. சிநேகம் இருக்கும்போது உரிமையைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. அது கெடும்போதுதான் சட்டப் புத்தகத்தைத் தேடுகிறோம்.

அலுவலகத்தில் எனக்கு நெருக்கமான தலைமை எழுத்தர் ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, தட்டச்சுப் பிழை என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றார். நான் கையால் எழுதிய நகல் எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. தப்பு என்னுடையது என்று நானே சொன்னால் பதினேழு பி போடுவார்கள். அது கடுமையான குற்றச்சாட்டுக் குறிப்பாணை. அது நிலுவையில் இருந்தால் ஓய்வு பெறவே விடமாட்டார்கள். அந்தத் தட்டச்சுப் பெண்ணோ இன்னும் ஒப்பந்தத்தில்தான் இருந்தாள். ஒரு கடிதத்தில் அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

பொய் சொல்ல மாட்டேன் என்று அன்றைக்கே முடிவெடுத்ததாக எழுதத்தான் ஆசை. இல்லை. இரண்டு நாள், தட்டச்சுப் பிழை என்ற வார்த்தையை மனசுக்குள் எழுதி எழுதிப் பார்த்தேன். நல்ல வார்த்தையாகவே தெரிந்தது. மூன்றாம் நாள் அந்தப் பெண் தானாக வந்து, "அக்கா, எம்மேல எதும் வந்துருமா?" என்று கேட்டாள். வராது என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு வேறு வழி இல்லாமல் போயிற்று.

யார் கோயில்?

கோட்டாட்சியர் விசாரணைக்கு ஊருக்கே வந்தார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும் பெண். சத்தமாகப் பேச மாட்டார். பூட்டிய கோயிலுக்கு முன்னால் வேப்பமரத்தடியில் மேசை போட்டோம். துறையின் ஆய்வாளர், மனுக் கொடுத்தவர்கள், கிறிஸ்தவர்கள், மீதி ஊர் என்று எல்லாரும் நின்றார்கள். ரெங்கசாமி அண்ணாச்சி துண்டை மடியில் வைத்து, தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி அதற்கு முந்தைய வருஷம் தவறிப்போனவர். கடைசிவரை கிருஷ்ணனுக்கு ஒரு கோயில் கட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தவர்.

முதலில் உபதேசியாரைக் கூப்பிட்டார்கள். எழுத்தர் கேள்வி கேட்கக் கேட்க எழுதிக்கொண்டார்.

பெயர்? கோயில்பிள்ளை. இந்தக் கட்டடம் என்ன? கோயில். யார் பார்த்துக்கொள்கிறார்கள்? நான்தான். வழிபாடு நடத்துவது யார்?

"நான் நடத்துவேன். மாசத்துக்கு ஒருக்க ஐயர் வருவாவ" என்றார்.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். எழுத்தர் வேறு மாவட்டத்துக்காரர். ஐயர் வருகிறார் என்று பணிவாக எழுதிக்கொண்டார். கூட்டத்தில் சிரிப்பு பரவியது. துறை ஆய்வாளர், மரியாதையான இளைஞர், எழுந்து சொன்னார்: பெயர் கோயில்பிள்ளை, இடம் கோயில், ஐயர் வருகிறார் என்கிறார்கள், எங்கள் பட்டியலில் தப்பு ஒன்றும் தெரியவில்லையே அம்மா.

கோட்டாட்சியருக்குமே சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, ஐயா, சர்ச் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்களேன், எழுதிக்கொள்கிறோம் என்றார்.

உபதேசியார் சிரிக்கவில்லை.

"சர்ச்சுங்கது வெள்ளைக்காரன் வார்த்தைம்மா. எங்க பாட்டன் கோயில்னாவ, எங்க அய்யா கோயில்னாவ. எம் பேருலயே கோயில் இருக்கு. உங்க புஸ்தகத்துல தப்பா எழுதினதுக்கு நான் எதுக்கு என் வார்த்தைய மாத்தணும்?"

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் அவர் பாடு எளிதாகியிருக்கும். சொல்ல மாட்டேன் என்றார். எனக்கு அப்போது வந்த பெருமையை எப்படிச் சொல்வது. அவர் என் ஊர்க்காரரும் இல்லை, என் மதமும் இல்லை. ஆனாலும் என் வீட்டு மனுஷர் ஒருவர் தலைநிமிர்ந்து நின்ற மாதிரி இருந்தது.

அடுத்தது நான். பழைய பதிவேட்டை மேசையில் விரித்தேன். வே.கோ. என்ற இடத்தில் விரலை வைத்தேன். இதை விரித்து எழுதியது நான், தட்டச்சு செய்தவர் என் எழுத்தை அப்படியேதான் ஏற்றினார், வேணுகோபால சுவாமி என்று எழுத என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை, யாரையும் விசாரிக்கவும் இல்லை என்றேன். பிறகு எதனால் எழுதினீர்கள் என்று கோட்டாட்சியர் கேட்டார்.

"எங்க வீட்டுச் சாமி வேணுகோபாலன் அம்மா. எனக்கு அவர்தான் தெரிஞ்சார்."

யாரும் சிரிக்கவில்லை. எழுத்தர் அதையும் எழுதினார்.

வெளியூர்க்காரர்களில் ஒருவர், இந்த அம்மா யாருக்கோ பயந்து மாற்றிச் சொல்கிறார்கள், முதல் மனுதாரர் ரெங்கசாமியைக் கேளுங்கள் என்றார். கேட்டார்கள். அண்ணாச்சி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மெதுவாக எழுந்தார். என்னைப் பார்த்து "சூடம்மா" என்று தெலுங்கில் ஆரம்பித்தவர், பாரம்மா என்று தமிழில் மாற்றிக்கொண்டு கோட்டாட்சியர் பக்கம் திரும்பினார்.

"கிருஷ்ணனுக்குக் கோயில் கட்டப் போறோம், கையெழுத்துப் போடுங்கன்னாவ. எம் பொண்டாட்டி ஆசையாச்சேன்னு போட்டுட்டேன். எங்கன கட்டப் போறீங்கன்னு கேக்கல. இந்த அம்மா கேக்காம எழுதினாவ, நான் கேக்காமக் கையெழுத்துப் போட்டேன். ரெண்டும் ஒரே தப்புதான். இது எங்க தாத்தா வேதக்காரவியளுக்குக் கொடுத்த எடம். எங்க சாமிக்கு எடம் வேணும்னா எம் புஞ்சையில தருவேன். இன்னொரு சாமி வீட்டுல எங்க சாமியக் குடி வைக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு உட்காரப் போனவர், மறுபடி நிமிர்ந்து ஒரு கேள்வி கேட்டார். எங்கள் சாமி கோயிலுக்கு மட்டும் அரசாங்கம் தக்கார் போடலாம், இவிய கோயிலுக்குப் போட முடியாது, அது என்ன நியாயம் என்று.

கோட்டாட்சியர் மழுப்பவில்லை. தக்கார் நியமிக்கும் சட்டம் இந்துக் கோயில்களுக்கு மட்டும் ஆனது, அது சரியா என்று வாதம் செய்கிறவர்கள் கோர்ட்டில் செய்துகொண்டிருக்கிறார்கள், அதை மாற்றும் அதிகாரம் எனக்கு இல்லை என்றார். ஆனால் தங்கள் வழிபாட்டு விஷயத்தைத் தாங்களே நடத்திக்கொள்ள எந்த மதத்தாருக்கும் உரிமை உண்டு என்று அரசியல் சட்டத்தின் இருபத்தாறாவது பிரிவு சொல்கிறது, இது யார் கோயில் என்று ஊரே சொல்லிவிட்ட பிறகு அரசாங்கத்துக்கு இந்த வாசல்படி தாண்ட வேலை இல்லை என்றார். அண்ணாச்சியின் கேள்விக்கு முழுப் பதில் இன்றுவரை எனக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டும் பக்கத்து வீட்டுச் சாமியின் இடத்தை விட்டுக்கொடுக்காமல் நின்றாரே, அதற்காக அவரைக் கும்பிடலாம்.

மனுவில் கையெழுத்துப் போட்ட உள்ளூர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து வாபஸ் எழுதிக் கொடுத்தார்கள். துறை ஆய்வாளரும், பதிவே பிழை என்றால் எங்களுக்கு இதில் வேலை இல்லை என்று எழுதிக் கொடுத்தார். கார் புறப்பட்டுப் போனது.

கோட்டாட்சியர் என்னைப் பார்த்து, பூட்டைத் திறந்துவிடுங்கள் என்றார். கைப்பையில் சாவி டப்பாவுக்கு அடியில் போயிருந்தது. தேடி எடுப்பதற்குள் வேர்த்துவிட்டது. திறந்ததும் உள்ளேயிருந்து வவ்வால் வாடையும் பழைய ஜமுக்காள வாடையும் வந்தன. உபதேசியார் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. நேராகப் போய் மணிக்கயிற்றைப் பிடித்தார். மணி பன்னிரண்டே முக்கால் ஆகியிருந்தது. இருந்தாலும் பன்னிரண்டு மணி அடித்தார்.

பலகை

பதினேழு பி வரவில்லை. விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். கண்டனம் என்ற அளவில் முடித்தார்கள். உரிய தேதியில் ஓய்வு பெற்றேன். பாராட்டுச் சான்றிதழ் ஒன்றிரண்டு வாங்கியிருக்கிறேன், எங்கே வைத்தேன் என்று தெரியாது. ஆனால் அந்த விசாரணை உத்தரவின் நகல் என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அதில் ஒரு வரி: 'மேற்படி பதிவு, கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்காமல் செய்த பிழை என அவரே முன்வந்து தெரிவித்துள்ளார்.' நான் தப்புச் செய்தவள் என்று அரசாங்கம் முத்திரை போட்டு எழுதிய வரி. என் வேலைக் காலம் முழுவதிலும் என்னைப் பற்றி எழுதப்பட்டதில் எனக்குப் பெருமை தருவது அதுதான்.

கணினியில் திருத்தும்போது ஒரு சின்ன வம்பு. அதில் நாமாக எழுத முடியாது, பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேவாலயம் என்று இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்து நகலைக் கொண்டுபோய் உபதேசியாரிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு முகம் சுளித்தார். தேவாலயமா, அது எந்த ஊர்லம்மா இருக்கு என்றார். பழைய பதிவேட்டின் குறிப்புக் கட்டத்தில் வேதக்கோயில் என்று அவர் கண்ணெதிரே எழுதிக் காட்டிய பிறகுதான் சமாதானமானார்.

ஓய்வு பெற்ற அடுத்த வருஷ அசனத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கோவில்பட்டியிலிருந்து பஸ் பிடித்துப் போனேன். விறகு வழக்கம்போல அண்ணாச்சி புஞ்சையிலிருந்து வந்து குவிந்து கிடந்தது. அதே புஞ்சையின் ஓரத்தில், மனைவி ஆசைப்பட்டபடியே, சின்னதாக ஒரு கோயில் எழும்பியிருந்தது. வேணுகோபாலன் இப்போது நிஜமாகவே அந்த ஊருக்கு வந்துவிட்டார். போய்க் கும்பிட்டேன். மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன், அவரைக் கேட்காமல் ஒரு முகவரி கொடுத்ததற்கு.

வேதக்கோயிலுக்குத் திரும்பி வந்தால் கதவுக்கு நீல வர்ணம் அடித்திருந்தார்கள். வாசலுக்கு மேலே ஏணி போட்டு ஒரு பெயின்டர் எழுத்து எழுதிக்கொண்டிருந்தார். அதுவரை அந்தக் கோயிலுக்குப் பெயர்ப் பலகை கிடையாது. தேவைப்பட்டதில்லை. உபதேசியார் கீழே நின்று கண்ணுக்கு மேலே கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் பக்கத்தில் வரச் சொன்னார்.

"சரியாப் பாத்துச் சொல்லுங்கம்மா. இந்த எழுத்துல நீங்கதான் அடிபட்டவிய."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரித்துக்கொண்டேதான் நிமிர்ந்து பார்த்தேன். பிறகு கண் கலங்கிவிட்டது. பெயின்ட் வாடையும் குழம்பு வாடையும் ஒன்றாக வந்தன. ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். வே, த, க், கோ, யி, ல். திரும்பவும் ஒருமுறை படித்தேன்.

வே-க்குப் பக்கத்தில் புள்ளி இல்லை.